ஆறு பேர் பார்த்த நாடகம்

யுத்தத்துக்குப் பின் ஆங்கில நாடகம்: ஐந்தாம் அத்தியாயம்

லண்டன் மாநகரத்தின் மீது வெடிகுண்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில், ஓல்டு விக் கம்பெனியைச் சேர்ந்த ஸிபில் தார்ண்டைக் அம்மையாரும் அவருடைய கணவர் லூயிஸ் காஸனும் மூட்டை முடிச்சுகளுடன் வேல்ஸ் பிரதேசத்துச் சுரங்கக் கிராமங்களுக்குப் போய், அதுவரை நாடகக் கொட்டகையையே கண்டிராத ஜனங்களுக்கு மாக்பெத்தை நடித்துக் காட்டிய வரலாற்றைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். யுத்தம் 1945-ல் முடிந்தது. ஜெயித்த தேசம்தான், ஆனால் ரொட்டிக்குக்கூட ரேஷன், துணிக்கும் ரேஷன், அச்சடிக்கக் காகிதத்துக்கும் பஞ்சம். வாட்டர்லூ சாலையில் இருந்த ஓல்டு விக் கொட்டகை 1941-ல் குண்டு விழுந்து கூரை இழந்தபடியே நின்றது. ஷாஃப்ட்ஸ்பரி வீதியின் குவீன்ஸ் கொட்டகை 1940-ல் சிதைந்தது. அதன் கதவுகள் மறுபடி திறப்பதற்கு 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தனை வறுமைக்கு நடுவிலும் நடிப்புக் கலைக்கு மட்டும் குறைவே இருக்கவில்லை. வீடிழந்த ஓல்டு விக் கம்பெனி, செயின்ட் மார்ட்டின்ஸ் சந்தில் இருந்த நியூ தியேட்டரில் குடியேறி, லாரென்ஸ் ஒலிவியர், ரால்ஃப் ரிச்சர்ட்ஸன் என்ற இரு பெரும் நடிகர்களைக் கொண்டு 1944 முதல் நடத்திய நாடகங்களைக் காண ரஸிகர்கள் இரவெல்லாம் வீதியில் வரிசை பிடித்து நின்றார்கள். 1945-ம் வருஷத்து ஓர் இரவை மட்டும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஸோஃபொக்ளிஸின் ஈடிபஸ் மன்னனாக, கண்களைத் தானே குத்திக்கொண்டு ரத்தம் வழிய நின்று சபையை உலுக்கிய ஒலிவியர், இடைவேளையில் அந்த அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, ஷெரிடனுடைய பிரஹஸனம் ஒன்றில் மிஸ்டர் பஃப் என்ற வாயாடியாகத் துள்ளிக்கொண்டு வந்து, சற்று முன் கண்ணீர் விட்ட அதே ஜனங்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தார். நடிகன் ஒருவனுக்கு இதைக் காட்டிலும் பெரிய சித்தி வேறென்ன இருக்க முடியும்? ஆயினும் அந்த இரவில் மேடையேறிய இரண்டு நாடகங்களில் ஒன்று இரண்டாயிரத்து முன்னூறு வருஷங்களுக்கு மேல் பழையது. மற்றொன்று நூற்றறுபது வருஷங்களுக்கு மேல் பழையது. தங்கத் தட்டு தயாராக இருந்தது. அதில் பரிமாறப் புதுச் சோறுதான் வேகவில்லை.

புதிய நாடகாசிரியர்கள் ஏன் தோன்றவில்லை, பத்து வருஷங்கள் கழித்து அவர்கள் எப்படி ஒருவர் பின் ஒருவராகத் தோன்றினார்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம். அதற்கு விடை தேட வேண்டுமானால், முதலில் பணத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பொருளாதார சாஸ்திரத்தில் உலகப் பிரசித்தி பெற்ற ஜான் மேனார்ட் கெயின்ஸ், நாடகத்திலும் நாட்டியத்திலும் ஆழ்ந்த பிரேமை கொண்டவர். லிடியா லோபகோவா என்ற ருஷ்ய நர்த்தகியை மணந்துகொண்டவர். 1936-ல் தம் முயற்சியாலும் பொருளாலும் கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஆர்ட்ஸ் தியேட்டர் என்ற கொட்டகையைக் கட்டியவர். யுத்த காலத்தில் ஜனங்களின் மனோதைரியத்துக்காக ஏற்பட்ட கலை ஊக்குவிப்புக் குழு ஒன்றுக்கு 1942 முதல் தலைமை வகித்த அவர், யுத்தம் முடிந்ததும் அதைக் கலைத்துவிடாமல், ஆர்ட்ஸ் கவுன்ஸில் என்ற நிரந்தர ஸ்தாபனமாக்க வழி செய்தார். 1945-46-ல் சர்க்கார் அதற்குக் கொடுத்த தொகை 2,35,000 பவுன். ஒரு தேசத்தின் செலவுக் கணக்கில் இது கடுகளவு. ஆனால் அந்தக் கடுகுடன் ஒரு தர்மமும் சேர்ந்து வந்தது. பணத்தைக் கொடுப்பது சர்க்கார். எந்த நாடகம் ஆட வேண்டும், எந்தக் கவிதை அச்சேற வேண்டும் என்று சொல்லும் அதிகாரமோ சர்க்காருக்கு இல்லை. கவுன்ஸிலுக்கு 1946 ஆகஸ்டில் ராஜ சாஸனம் வழங்கப்பட்டபோது அதைப் பெற்றுக்கொள்ளக் கெயின்ஸ் உயிரோடு இல்லை. அதே வருஷம் ஏப்ரலில் அவர் காலமாகிவிட்டார். 1948-ல் வேறொரு சட்டம், நகரசபைகள் வீட்டு வரியிலிருந்து பவுனுக்கு ஆறு பென்ஸ் வரை கலைகளுக்குச் செலவிடலாம் என்று அனுமதித்தது. விதை விழுந்தது, முளைக்கத்தான் தாமதமாயிற்று.

ஏனென்றால் லண்டன் மேற்குப் பகுதியின் பெரிய கொட்டகைகள், கவுன்ஸிலின் கடுகை நம்பி வாழ்ந்தவை அல்ல. அங்கே ஹ்யூ பிங்கி போமான்ட் என்ற தயாரிப்பாளர், ஹெச். எம். டென்னன்ட் கம்பெனியின் மூலம் ஏகசக்ராதிபத்தியம் செலுத்தினார். அவருடைய நாடகங்களில் உடுப்பும் விளக்கும் நடிப்பும் அப்பழுக்கற்றவை. ஆனால் திரை தூக்கினால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: கனவான் ஒருவருடைய வரவேற்பறை, தோட்டத்தை நோக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவு, மேஜை மேல் மதுப் புட்டி, வந்து போகும் பணிப்பெண். அந்தக் கொட்டகைகளின் பிரதான நாடகாசிரியர் டெரன்ஸ் ராட்டிகன், 1953-ல் தம் நாடகத் தொகுதி ஒன்றுக்கு எழுதிய முன்னுரையில், எட்னா அத்தை என்ற ஒரு கற்பனைப் பாத்திரத்தைப் படைத்தார். வசதியுள்ள, நடுத்தர வயதுடைய, நல்ல சுபாவமுள்ள அந்த மாது கொட்டகையில் வந்து உட்காருகிறாள். அவளுக்குப் பிடிக்காததை எந்த நாடகாசிரியரும் எழுதிப் பிழைக்க முடியாது என்பது அவருடைய வாதம். பின்னால் வந்த இளைஞர்கள் இந்த அத்தையின் பெயரைச் சொல்லியே ராட்டிகனைத் தூற்றினார்கள். அது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன். 1948-ல் எழுதிய 'தி பிரவுனிங் வெர்ஷன்' என்ற சிறு நாடகத்தில், மாணவர்களாலும் மனைவியாலும் வெறுக்கப்பட்ட ஒரு வயதான ஆசிரியர், பையன் ஒருவன் தன் காசில் வாங்கிக் கொடுத்த பழைய புஸ்தகத்தைக் கையில் வாங்கியதும் அடக்க மாட்டாமல் அழுதுவிடும் அந்த ஒரு கணத்தை எழுதியவர் சாமானியரல்லர். குற்றம் அவர் மேலல்ல, ஏற்பாட்டின் மேல். ஒரு நாடகம் ஆரம்பித்த இரண்டு வாரத்துக்குள் வசூலாகாவிட்டால் முதல் போட்டவர் முழுகிப்போவார் என்ற நிலையில், பிரதியைப் படிக்கும்போதே எல்லோருக்கும் அத்தையின் முகம்தான் கண்ணில் தெரியும். தோல்விக்கு இடமில்லாத இடத்தில் புதுமைக்கு எங்கே இடம்?

உரைநடை நாடகம் இப்படிச் சோர்ந்திருந்ததால், செய்யுளில்தான் விமோசனம் என்று சிலர் நம்பினார்கள். 1948-ல் நோபல் பரிசு பெற்ற டி. எஸ். எலியட் எழுதிய 'தி காக்டெயில் பார்ட்டி' 1949-ல் எடின்பரோ விழாவில் மேடையேறிப் புகழ் பெற்றது. கிறிஸ்டபர் ஃப்ரையின் 'தி லேடீஸ் நாட் ஃபார் பர்னிங்' நாடகத்தில் ஜான் கீல்குட் நடித்ததைப் பார்த்து லண்டன் சொக்கிப்போயிற்று. வார்த்தைக்கும் ரேஷன் இருந்தது போன்ற அந்த வறண்ட காலத்தில் ஃப்ரையின் சொல்வளம் ஜனங்களுக்கு அமிர்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது மாலைச் செவ்வானத்தின் அழகு. அதற்குப் பின் விடியல் வரவில்லை.

புஸ்தக உலகத்தில் நிலைமை சற்று வேறு. ஜார்ஜ் ஆர்வெல் 1945-ல் 'அனிமல் ஃபார்ம்' என்ற மிருகக் கதையையும், க்ஷயரோகத்தோடு போராடிக்கொண்டே ஸ்காட்லாந்தின் ஜூரா தீவில் எழுதி முடித்து 1949 ஜூனில் 'நைன்டீன் எய்ட்டி ஃபோர்' நாவலையும் வெளியிட்டுவிட்டு, 1950 ஜனவரியில் கண்ணை மூடினார். ஓர் எழுத்தாளன் வளர்வதற்கு வேண்டிய சிறு மேடைகளாகப் பத்திரிகைகள் இருந்தன. ஸிரில் கானலி நடத்திய 'ஹொரைஸன்', ஜான் லேமன் நடத்திய 'பெங்குவின் நியூ ரைட்டிங்' இவற்றோடு நாம் பெருமையுடன் சேர்த்துச் சொல்ல வேண்டியது 'போயட்ரி லண்டன்'. அதன் ஆசிரியர் இலங்கைத் தமிழர் தம்பிமுத்து. 1938-ல் லண்டன் வந்து சேர்ந்த இருபத்திரண்டு வயது இளைஞர், மறு வருஷமே ஒரு கவிதைப் பத்திரிகையை ஆரம்பித்து, யுத்தத்தின் மத்தியில் அதைக் காப்பாற்றி, ஆங்கிலக் கவிதையின் ஒரு தலைமுறைக்கே இடம் கொடுத்தார். காத்லீன் ரெய்னின் முதல் கவிதை நூலையும், நார்மண்டியில் 1944-ல் மாண்ட கீத் டக்ளஸின் யுத்த நினைவுகளையும் அச்சேற்றியவர் அவரே. ஒருவர் பெயர் உலகுக்குத் தெரியுமுன் அவரை நம்பிக் காகிதம் செலவழிக்கும் தைரியம் எல்லாப் பதிப்பாளருக்கும் வாய்ப்பதில்லை.

1949, 1950 ஆகிய இரு வருஷங்களுக்குள் கானலியும் லேமனும் தங்கள் பத்திரிகைகளை நிறுத்திவிட்டார்கள். தம்பிமுத்துவும் 'போயட்ரி லண்டனை' விட்டு விலகினார். அவை காலி செய்த இடத்தை ஓரளவு நிரப்பியது, பி.பி.ஸி. வானொலி 1946 செப்டம்பரில் தொடங்கிய 'தேர்ட் புரோகிராம்' என்ற ஒலிபரப்பு. கேட்பவர் தொகை குறைவாயினும் பரவாயில்லை, உயர்ந்ததையே ஒலிபரப்புவது என்ற சங்கற்பத்துடன் அது பிறந்தது. எழுத்தாளர் ஜான் வெய்ன் 1953-ல் அதில் நடத்திய நிகழ்ச்சி ஒன்றில், அச்சேறாத ஒரு நாவலிலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்பட்டது. மறு வருஷம் புஸ்தகமாக வந்து தேசத்தையே சிரிக்க வைத்த கிங்ஸ்லி ஏமிஸின் 'லக்கி ஜிம்' அது. வெல்ஷ் கவிஞர் டிலன் தாமஸ் 1953 நவம்பரில் இறந்த பிறகு, அவருடைய 'அண்டர் மில்க் வுட்' என்ற குரல் நாடகம் ரிச்சர்ட் பர்ட்டனின் கம்பீர சாரீரத்தில் 1954 ஜனவரி 25-ந் தேதி இரவு ஒலித்ததும் இதே அலையில்தான். இந்த வானொலி நமது கதையில் மறுபடியும் வரப்போகிறது. வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மேடைக்குத் திரும்புவோம்.

லண்டனில் ஒரு நாடகத்தைப் பகிரங்கமாக நடத்த வேண்டுமானால் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினிடம் பிரதியைக் கொடுத்து அனுமதி பெற வேண்டியிருந்தது. அங்கத்தினர் மட்டுமே பார்க்கும் சங்கங்களுக்கு அந்தக் கட்டு இருக்கவில்லை. கிரேட் நியூபோர்ட் வீதியில் இருந்த ஆர்ட்ஸ் தியேட்டர் அப்படி ஒரு சிறு சங்கம். அதை நிர்வகித்த பீட்டர் ஹால் என்ற இளைஞருக்கு வயது 24. ஸாமுவேல் பெக்கெட் என்ற ஐரிஷ்காரர் பிரெஞ்சில் எழுதி, பாரிஸில் 1953-ல் நடந்த நாடகம் ஒன்றின் ஆங்கிலப் பிரதி அவர் கைக்கு வந்தது. அதன் பெயர் 'வெயிட்டிங் ஃபார் காடோ'. ஒரு மரம், ஒரு பாதை, இரண்டு பரதேசிகள், யாரோ ஒருவனுக்காகக் காத்திருக்கிறார்கள், அவன் வருவதில்லை, மறு நாளும் காத்திருக்கிறார்கள், அன்றும் வருவதில்லை. 1955 ஆகஸ்டு 3-ந் தேதி திரை தூக்கியபோது சபையில் கொட்டாவியும் முணுமுணுப்பும் எழுந்தன; பலர் பாதியிலேயே எழுந்து போனார்கள்; மறுநாள் தினசரிகளில் பெரும்பாலும் பரிகாசம். ஆனால் அந்த வார ஞாயிற்றுக்கிழமை, 'ஸண்டே டைம்ஸ்' பத்திரிகையின் ஹெரால்டு ஹாப்ஸனும், 'அப்ஸர்வர்' பத்திரிகையின் கென்னத் டைனனும், குணத்திலும் கொள்கையிலும் எதிர்த்துருவங்களாக இருந்த அந்த இரண்டு விமர்சகர்கள், ஒருமித்து அதைப் போற்றி எழுதினார்கள். செப்டம்பரில் அது பிக்காடிலியில் உள்ள கிரைடீரியன் கொட்டகைக்கு மாறிற்று. கதை என்ற கம்பம் இல்லாமலே நாடகம் என்ற கூடாரம் நிற்கும் என்று அன்று தெரிந்தது.

அடுத்த வருஷம் ஸ்லோன் சதுக்கத்தில் கதை வேறு விதமாகத் திரும்பியது. ஜார்ஜ் டெவின் நடிகர், டைரக்டர், ஓல்டு விக்கின் நாடகப் பள்ளியில் பாடம் சொன்னவர். நாடகம் எழுதுகிறவனுக்கென்று ஒரு கொட்டகை வேண்டும், அங்கே எழுத்தாளன்தான் பிரதானம், அவனுடைய முதல் நாடகம் விழுந்தாலும் இரண்டாம் நாடகத்தை எழுத அவனுக்கு உரிமை உண்டு என்பது அவருடைய சித்தாந்தம். டோனி ரிச்சர்ட்ஸன் என்ற இளைஞரைத் துணையாகக் கொண்டு, இங்கிலிஷ் ஸ்டேஜ் கம்பெனி என்ற பெயரில், ஆர்ட்ஸ் கவுன்ஸிலின் சிறு உதவியோடு, ராயல் கோர்ட் தியேட்டரை அவர் எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 400 பேர் அமரக்கூடிய சிறு கொட்டகை. அடியில் சுரங்க ரயில் ஓடும்போது அதன் உறுமல் சபைக்குள் கேட்கும். புது நாடகங்கள் வேண்டும் என்று 'தி ஸ்டேஜ்' பத்திரிகையில் விளம்பரம் செய்ததில் சுமார் 750 பிரதிகள் வந்து குவிந்தன. அத்தனையையும் படித்துச் சலித்த பிறகு, தேறியது என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று.

அதை எழுதியவர் ஜான் ஆஸ்பார்ன், வெளியூர்க் கம்பெனிகளில் சில்லறை வேஷம் போட்டுத் திரிந்த நடிகர். மோர்க்கம் கடற்கரைப் பாலத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து 1955 மே மாதத்தில் அதன் ஒரு பகுதியை எழுதியவர். கைமாற்றுக்கும் வழியில்லாமல், தேம்ஸ் நதியில் கட்டியிருந்த ஒரு பழைய சரக்குப் படகில் நண்பர் ஒருவரோடு குடியிருந்தார். அவரைப் பார்க்க டெவின் போன அன்று நதியில் வெள்ளம் ஏறியிருந்தது. கரையிலிருந்து படகுக்கு நடந்து போக வழியில்லை. நாற்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த, கனத்த சரீரமுள்ள அந்தப் பெரியவர், சிறு ஓடம் ஒன்றை இரவல் வாங்கித் தாமே துடுப்புப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நாடகத்தின் உரிமைக்கு 25 பவுன் தருவதாகச் சொன்னார். பெயர் தெரியாத ஒரு நாடகாசிரியனைத் தேடி ஒரு கொட்டகையின் தலைவர் துடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறார் என்பதில், இந்தப் பதினைந்து வருஷத்துச் சரித்திரமே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1956 மே 8-ந் தேதி 'லுக் பேக் இன் ஆங்கர்' மேடையேறிற்று. கோபத்தோடு திரும்பிப் பார் என்பது அந்தப் பெயரின் பொருள். திரை தூக்கியதும் சபையோர் கண்டது கண்ணாடிக் கதவும் தோட்டமும் அல்ல. உள்நாட்டு ஊர் ஒன்றில் மச்சு மேல் ஓர் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை மாலை. இரண்டு வாலிபர்கள் பத்திரிகைகளை விரித்து வைத்துக்கொண்டு கிடக்கிறார்கள். மூலையில் ஒரு பெண் பலகை மேல் துணியைப் போட்டு இஸ்திரி செய்துகொண்டிருக்கிறாள். ஜிம்மி போர்ட்டர் என்ற அந்தக் கதாநாயகன் சர்வகலாசாலையில் படித்தும் சந்தையில் மிட்டாய்க் கடை வைத்திருப்பவன். உயர்குலத்துப் பெண்ணான தன் மனைவியையும், அவளைப் பெற்றவர்களையும், தூங்கி வழியும் தேசத்தையும் ஓயாமல் ஏசுகிறான். அவன் நியாயஸ்தன் அல்லன், பல இடங்களில் கொடியவன்; ஆனால் அவன் பேச்சில் ஜீவன் இருந்தது. நம்மவர்க்கு இந்த நாடகத்தில் தனிப்பட்ட சிரத்தை உண்டாக்கும் பாத்திரம் ஒன்று உண்டு. மனைவியின் தகப்பனார் கர்னல் ரெட்ஃபெர்ன், இந்தியாவில் ஒரு மகாராஜாவின் சைனியத்தில் உத்தியோகம் பார்த்து, 1947-ல் ஊர் திரும்பியவர். அவர் விட்டுப் போன இங்கிலாந்து திரும்பி வந்தபோது இல்லை. மருமகனின் கோபத்தையும் மாமனாரின் துக்கத்தையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டும் ஒரே சாம்ராஜ்யத்தின் அஸ்தமனத்திலிருந்து பிறந்தவை என்று காட்டிய இடத்தில்தான் இருபத்தாறு வயது ஆஸ்பார்ன் பெரிய நாடகாசிரியராகிறார். சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டன் தலைகுனிந்தது அதே வருஷத்தின் முடிவில் என்பதை நினைத்தால், மேடை முன்கூட்டிச் சொன்னதைச் சரித்திரம் பின்னால் வந்து மெய்ப்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் இரவே வெற்றி முரசு கொட்டியது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியன்று. தினசரிகளின் அபிப்பிராயம் கலப்பாகவே இருந்தது. ஞாயிறன்று டைனன் எழுதிய ஆவேசமான பாராட்டுக்குப் பிறகும் கொட்டகை நிறையவில்லை. அக்டோபரில் பி.பி.ஸி. டெலிவிஷன் அதன் ஒரு பகுதியை ஒளிபரப்பிய பின்தான், நாடகம் என்றால் என்னவென்றே அறியாத இளைஞர் கூட்டம் ஸ்லோன் சதுக்கத்தைத் தேடி வந்தது. டிஸம்பரில் பழைய நாடகமாகிய 'தி கன்ட்ரி வைஃப்' கொண்டுவந்த லாபம் புது முயற்சிகளின் நஷ்டத்தைத் தாங்கிற்று. மே முதல் அக்டோபர் வரையுள்ள அந்த ஐந்து மாதம், வேறு எந்தக் கொட்டகையாயிருந்தாலும் பொறுத்திருக்குமா? பொறுத்ததன் பலன், மறு வருஷமே ஒலிவியர் தாமாக வந்து ஆஸ்பார்னின் அடுத்த நாடகத்தில் ஆர்ச்சி ரைஸ் என்ற தோற்றுப்போன கோமாளியாக வேஷம் கட்டினார். ஈடிபஸாக நின்ற அதே மகா நடிகருக்கு, பன்னிரண்டு வருஷங்கள் கழித்துப் புதுச் சோறு கிடைத்தது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கவுன்ஸிலின் பணப்பை ஸ்லோன் சதுக்கத்தில் அவிழ்ந்ததைப் போல லண்டனின் கிழக்குக் கோடியில் அவிழவில்லை. ஜோன் லிட்டில்வுட் என்ற அம்மையார், 1945-ல் தொடங்கிய தியேட்டர் ஒர்க்‌ஷாப் என்ற கூட்டத்தோடு ஊர் ஊராக அலைந்து, 1953-ல் ஸ்ட்ராட்ஃபோர்டு ஈஸ்டில் 1884-ல் கட்டிய பாழடைந்த கொட்டகை ஒன்றில் குடியேறினார். நடிகர்களே சுவருக்கு வர்ணம் அடித்தார்கள். நடிகர்களே கூட்டிப் பெருக்கினார்கள். அறைகளில் படுத்துத் தூங்கி, கிடைத்த வசூலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இவர்களிடம்தான் 1958-ல் ஸால்ஃபோர்டு நகரத்திலிருந்து பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியின் பிரதி தபாலில் வந்து சேர்ந்தது. ஷீலா டிலேனி மான்செஸ்டரில் ராட்டிகனின் நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக நானே எழுதுவேன் என்று நினைத்து வீட்டுக்குப் போய் எழுதியவள். 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி' என்ற அந்த நாடகத்தில் கனவான்களே இல்லை. வாடகை வீட்டில் சண்டையிட்டுக்கொள்ளும் தாயும் மகளும், கறுப்பு மாலுமி ஒருவன், சமூகம் ஒதுக்கிய இளைஞன் ஒருவன். ஒருவரையும் பரிதாபத்துக்கு உரியவராகக் காட்டாமல், எல்லாரையும் சிரிக்கவும் பேசவும் விட்டாள். லிட்டில்வுட் அம்மையாரின் நாடகங்கள் மேற்குக் கொட்டகைகளுக்கு மாறிப் பணம் குவித்தபோது, அவர் பாடுபட்டுத் தயாரித்த நடிகர்களும் அவற்றோடு போய்விட, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்தே ஆரம்பிக்க நேர்ந்தது. தோற்பதற்கான உரிமையைச் சர்க்கார் பணம் வாங்கித் தராத இடத்தில், கலைஞர்கள் தங்கள் வயிற்றைக் கட்டி அதை வாங்கினார்கள்.

அதே 1958-ல் கவென்ட்ரியில் நகரசபை கட்டிய பெல்கிரேட் தியேட்டர் திறந்தது. குண்டுவீச்சில் சாம்பலான அந்த நகரத்துக்கு யுகோஸ்லாவியத் தலைநகரம் அன்பளிப்பாக அனுப்பிய மரத்தைக் கொண்டு கட்டப்பட்டதால் அதற்கு அந்தப் பெயர். கேக்கும் ரொட்டியும் செய்யும் சமையல் தொழிலாளியாக இருந்த ஆர்னால்டு வெஸ்கரின் 'சிக்கன் ஸூப் வித் பார்லி' அங்கேதான் முதலில் அரங்கேறிற்று. 1946-லும் 1948-லும் விழுந்த விதைகள் ஒரே பருவத்தில் தளிர்த்தன.

இனி, இந்த அத்தியாயத்தின் தலைப்புக்குக் காரணமான நாடகத்துக்கு வருகிறேன்.

ஹெரால்டு பின்டர், கிழக்கு லண்டனின் ஹாக்னியில் யூதத் தையற்காரர் ஒருவருக்கு 1930-ல் பிறந்தவர். ஆஸ்பார்னைப் போலவே வெளியூர்க் கம்பெனிகளில் வாரம் ஒரு வேஷம் கட்டிப் பிழைத்தவர். அவர் எழுதிய முதல் முழுநீள நாடகம் 'தி பர்த்டே பார்ட்டி'. கடற்கரை ஊரில் ஒரு மலிவு விடுதி. அதில் ஒளிந்து வாழும் ஒருவன். அவனைத் தேடி வரும் இரண்டு அந்நியர். ஏன் வந்தார்கள், அவன் செய்த குற்றம் என்ன, எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதை ஆசிரியர் சொல்வதில்லை. காலை ஆகாரத்தைப் பற்றிய சாதாரணப் பேச்சுக்கு அடியில் பயம் ஊறிக்கொண்டே வருகிறது. யுத்தத்தின்போது ஐரோப்பாவில் எத்தனையோ வீட்டுக் கதவுகள் இப்படித்தான் தட்டப்பட்டன என்பதை ஒரு யூத இளைஞர் மறந்திருக்க முடியாது. 1958 ஏப்ரல் 28-ந் தேதி அந்த நாடகம் முதன்முதலாக மேடையேறியது கேம்பிரிட்ஜில், கெயின்ஸ் கட்டிய அதே ஆர்ட்ஸ் தியேட்டரில். அங்கே வரவேற்பு கிடைத்தது. மே 19-ந் தேதி லண்டனில் ஹாமர்ஸ்மித் லிரிக் கொட்டகைக்கு வந்ததும் தினசரிகள் எல்லாம் ஒன்று சேர்ந்து அதை மிதித்துத் தள்ளின. அந்த வாரம் வியாழக்கிழமைப் பகல் ஆட்டத்துக்கு ஆசிரியர் சற்றுத் தாமதமாகப் போனார். மாடிப் படியேறியவரை அங்கே நின்ற பணிப்பெண் தடுத்து, மாடியில் யாரும் இல்லை, மூடிவிட்டோம் என்றாள். நான்தான் இதை எழுதியவன் என்று அவர் சொன்னதும், அவள் முகம் இரக்கத்தால் இளகியது. ஐயோ பாவம் என்று உள்ளே அனுப்பி வைத்தாள். எட்டிப் பார்த்தால் கீழே மொத்தம் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

எட்டு ஆட்டங்களோடு சனிக்கிழமை இரவு நாடகம் நின்றது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, 'ஸண்டே டைம்ஸி'ல் ஹாப்ஸனின் கட்டுரை வெளிவந்தது. லண்டன் நாடக உலகத்தில் இவரைக் காட்டிலும் தனித்தன்மையுள்ள மேதை இல்லை என்ற கருத்தில், தம் பெயரையே பணயம் வைத்து அவர் எழுதியிருந்தார். கட்டுரை வந்தது, பார்க்க நாடகம் இல்லை.

பழைய லண்டனாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஒரு வாரத்தில் விழுந்த நாடகாசிரியனுடைய பிரதியை யார் மறுபடி கையால் தொடுவார்கள்? ஆனால் இதற்குள் காலம் மாறியிருந்தது. தேர்ட் புரோகிராமுக்கு நாடகம் எழுதச் சொல்லிப் பின்டருக்கு அழைப்பு வந்தது. 1959-ல் 'எ ஸ்லைட் ஏக்' ஒலிபரப்பாயிற்று. வானொலியில் பெக்கெட்டின் நாடகத்தைத் தயாரித்து ஒலிபரப்பிய டொனால்டு மக்வின்னியே, பின்டரின் அடுத்த மேடை நாடகமாகிய 'தி கேர்டேக்க'ருக்கு டைரக்டரானார். 1960 ஏப்ரல் 27-ந் தேதி அது அரங்கேறிய இடம், பரதேசிகள் இருவர் காத்திருந்த அதே சிறு ஆர்ட்ஸ் தியேட்டர். பாத்திரங்கள் மூன்றே பேர். நாடோடிக் கிழவனாக டொனால்டு ப்ளெஸன்ஸ் நடித்தார். அண்ணனாக நடித்த பீட்டர் வுட்தார்ப், 1955-ல் பெக்கெட்டின் பரதேசிகளில் ஒருவராக அதே பலகைகளின் மேல் உட்கார்ந்திருந்தவர். தம்பியாக நடித்த ஆலன் பேட்ஸ், 1956-ல் ஆஸ்பார்னின் மச்சு அறையில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர். இந்த நாடகம் டச்சஸ் கொட்டகைக்கு மாறி 400 முறைக்கு மேல் நடந்தது.

கேம்பிரிட்ஜில் ஒரு பொருளாதார மேதை கட்டிவைத்த கொட்டகை, கேட்பவர் குறைவானாலும் பேசிக்கொண்டிருந்த ஒரு வானொலி, அங்கத்தினர்களை நம்பிய ஒரு சங்கம், துடுப்புப் போட்டுக்கொண்டு போன ஒரு தலைவர், வெள்ளம் ஒரு பக்கம் ஓடும்போது எதிர்ப்பக்கம் எழுதத் துணிந்த ஓரிரு விமர்சகர்கள்: இவர்கள் யாரும் நாடகாசிரியர்களை உண்டாக்கவில்லை. மேதைகளை உண்டாக்க எந்த ஸ்தாபனத்தாலும் ஆகாது. விழுந்தவன் எழுந்திருப்பதற்குள் அவன் மேல் கூட்டம் மிதித்துப் போய்விடாமல் கைகோத்து நின்றார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. ஆனால் அதற்கு முந்திய பத்து வருஷத்தில் எத்தனை பின்டர்கள் தங்கள் வியாழக்கிழமைப் பகலோடு பேனாவை மூடி வைத்தார்களோ, அவர்கள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. 2005-ல் நோபல் பரிசு பெற்ற பின்டரின் பெயர் இருக்கிறது. அந்த ஹாமர்ஸ்மித் பகலில் வெளியே நல்ல வெயில் இருந்திருக்கலாம். வேறு எங்கேயோ போயிருக்கலாம். போகாமல் வந்து உட்கார்ந்த அந்த ஆறு பேரையும் நான் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

பிரதியின் ஒவ்வொரு வரியையும் சிவப்புப் பென்ஸிலுடன் படித்த அரண்மனை அதிகாரியின் ஆட்சி 1737-ல் எப்படிப் பிறந்தது, எட்வர்டு பாண்டின் நாடகம் ஒன்றை ராயல் கோர்ட் 1965-ல் நடத்தியபோது அது எப்படி நீதிமன்றம் வரை போயிற்று, 1968-ல் அந்த ஆட்சி எப்படி முடிந்தது என்பதை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)